வேன் ஆன்ட்டியும் பூண்டு ரசமும்

ஈப்போவில் எந்தக் கடையில் நாசி லெமாக் நன்றாக இருக்கும், எந்தக் கடையில் தோசை முறுகலாக வரும் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். இசபெல்லாவின் பட்டியல் வேறு. எந்தக் கோப்பிக் கடையில் டாய்லெட் சுத்தமாக இருக்கும், எந்தப் பெட்ரோல் ஸ்டேஷனில் சாவி கேட்டு வாங்க வேண்டும், எந்தச் சூப்பர்மார்க்கெட்டில் தாழ்ப்பாள் விழாமல் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆசைப்பட்டுத் தெரிந்துகொண்டது அல்ல. வயிறு தெரிந்துகொள்ள வைத்தது.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. நோர்ட்டன் தோட்டத்தில் பிறந்தவள். ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று, பழைய கூலி லயங்களை இடித்து வரிசை வீடுகளும் கட்டிவிட்டார்கள், ஆனாலும் ஊர் வாயில் அது தோட்டம்தான். கணவர் லூர்துசாமிக்குக் கல்லுடைக்கும் குவாரியில் கால் போன பிறகு, இசபெல்லா லைசன்ஸ் எடுத்து ஒரு பழைய வேனை வாங்கினாள். ஒன்பது வருஷமாகத் தோட்டத்துப் பிள்ளைகளை டவுன் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போகிறாள். பதினொரு பிள்ளைகள். ஆறேகாலுக்கு முதல் வீடு. பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு செம்பனைக்குள்ளே ஒன்பது கிலோமீட்டர் வந்தால், பெரிய ரோடு ஏறுமிடத்தில் ஒரு தாமான், புதுக் குடியிருப்பு. அங்கே பதினோராவது பிள்ளை. ஏழு இருபதுக்குப் பள்ளி கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

வியாதி அவளுக்கு வந்து ஆறு வருஷம் இருக்கும். வயிறு ஒரு வாரம் ஊதிக் கல்லாகக் கிடக்கும். அடுத்த வாரம் காலையில் நாலு முறை ஓட வைக்கும். கடுப்பு எடுத்தால் இடுப்பு வரைக்கும் இழுக்கும். போய்விட்டு வந்தால் தணியும், அரை மணியில் மறுபடியும் ஆரம்பிக்கும். குடல் ஏறிக்கொண்டது என்று தோட்டத்தில் ஒருவர் விளக்கெண்ணெய் போட்டு உருவினார், ஒன்றும் நடக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், கேமரா விட்டுப் பார்த்தார்கள். புண் இல்லை, கட்டி இல்லை. இதற்கு ஐ.பி.எஸ்., எரிச்சல் குடல், என்று பெயர், குடல் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். உயிருக்கு ஆபத்தில்லை. அடியோடு போகவும் போகாது. அடக்கி வைத்துக் குடும்பம் நடத்தலாம். உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டும் கொடுத்தார். சீட்டை இசபெல்லா பைபிளுக்குள் வைத்தாள். அங்கேயே இருந்தது.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்காதே என்று சொல்லி வைத்தவருக்கு இந்த வியாதி இருந்திருக்காது. இருந்திருந்தால் பழமொழியை அத்தோடு நிறுத்தியிருக்கமாட்டார். ஆனால் நம் ஆட்களைப் பாருங்கள். சர்க்கரை வியாதியைக் கல்யாண வீட்டில் மேடை போட்டுப் பேசுவார்கள். மூட்டு வலியைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்லுவார்கள். குடல் என்றால் மட்டும் வாய்க்குப் பூட்டு. இசபெல்லாவும் பூட்டித்தான் வைத்திருந்தாள். கோவிலில் பூசைக்கு வாசகம் வாசித்துக்கொண்டிருந்தவள், நடுவில் இறங்கி ஓட வேண்டி வருமோ என்று பயந்து அதை விட்டாள். கடைசி பெஞ்சில் கதவோரம் உட்கார ஆரம்பித்தாள். பக்தி குறைந்துவிட்டது என்று நாலு பேர் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டாள்.

வேனை மட்டும் விடவில்லை. காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் ஓட்டினாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு எட்டரை மணிக்கு வீடு திரும்பிய பிறகுதான் எதுவும் வாயில் வைப்பாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அதுவும் பலிக்கவில்லை. தாமானில் கடைசி வீட்டு வாசலில் வேனை நிறுத்தும்போதே வயிறு முறுக்கிற்று. அது ஷர்மினியின் வீடு. ஷர்மினி வங்கியில் வேலை செய்கிற பெண், நறுக்குத் தெறித்த மாதிரிப் பேசுவாள். கதவு திறந்து கிடந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு வார்த்தை, "தங்கச்சி, டாய்லெட் போய்ட்டு வாரேன்" என்று கேட்டிருக்கலாம். இசபெல்லாவுக்கு நாக்கு எழும்பவில்லை. சிரித்து, கையை ஆட்டி, பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். ஆறு கிலோமீட்டர் தாண்டிப் பெட்ரோல் ஸ்டேஷன் வந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பம்ப் அருகில் நின்ற பங்ளாதேஷ் தம்பியிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினாள். ஒன்பது நிமிஷம். பிள்ளைகள் பள்ளிக்குப் போனபோது கேட் சாத்தியாயிற்று. பதினொரு பேரையும் வரிசையில் நிற்க வைத்துப் பெயர் எழுதினார்கள்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மத்தியானம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஷர்மினி ஏன் தாமதம் என்று கேட்டபோது, இசபெல்லா டயர் பஞ்சர் என்று எழுதிவிட்டாள். சாயங்காலம் பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். பிள்ளைகளுக்கு வாய் இருக்கிறதே. பஞ்சரும் இல்லை கிஞ்சரும் இல்லை, ஆன்ட்டி எங்களை விட்டுவிட்டு ஓடினாங்க என்று பதினொரு வீட்டிலும் ஒரே கதை.

மறுநாள் காலை ஷர்மினி வேன் கண்ணாடியருகில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, லேட்டானது பெரிசில்ல. பிள்ளைங்கள வேன்ல விட்டுட்டுப் போனீங்க. அப்புறம் பொய் சொன்னீங்க. நான் எப்படி நம்பி ஏத்தறது?"

டவுனிலிருந்து வேறொரு வேன்காரர், பிள்ளைகளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். கூடிப் பேசிய பெற்றோர்கள், மார்ச் விடுமுறை வரை பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், குருத்து ஞாயிறு மத்தியானம், ஷர்மினி வீட்டில் எல்லாரும் கூட வேண்டும். அன்றைக்குத் தீர்ந்துவிடும், இசபெல்லாவா, டவுன்காரரா என்று.

இந்த முடிவைக் கேட்ட அன்றிரவே அவள் பைபிளைத் திறந்து சீட்டை எடுத்தாள். வேன் போனால் வீட்டுக்கு வருமானம் போகும், அது ஒரு பக்கம். அதைவிட, ஒன்பது வருஷம் ஓட்டின வண்டியை ஒரு குடல் வந்து பிடுங்கிக்கொண்டு போவதா என்று அவளுக்கு வெறி வந்தது. விடமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள். லூர்துசாமி என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

உணவு ஆலோசகர் பிரமிளா சின்னப் பெண், தாப்பா ஊர்க்காரி. மூன்று வாரம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னாள். வாயில் போவது எல்லாம், எத்தனை மணிக்கு, அப்புறம் வயிறு என்ன சொல்லிற்று, அன்றைக்கு மனம் எப்படி இருந்தது. இசபெல்லா ஒரு பள்ளி நோட்டை எடுத்துக் கோடு போட்டாள். எழுதினாள் பாருங்கள், ஒரு பிஸ்கட்டை விடவில்லை. சூசு, அதாவது பால், போட்ட தேத்தண்ணி, அரை ரொட்டி சானாய், கோவிலில் யாரோ கொடுத்த ஒரு வடை, எல்லாம் ஏறிற்று. நடுவில் சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கிற்று. வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி நோன்பு, ஒரே வேளைச் சாப்பாடு, மீன் கறி ஒன்றுமில்லை. அதையும் எழுதினாள்.

மூன்று வாரம் கழித்துப் பிரமிளா நோட்டைப் புரட்டினாள், திருப்பிப் புரட்டினாள். தேத்தண்ணி குடித்த நாளில் கொஞ்சம் கோளாறு, சரி. காலை முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு மத்தியானம் தட்டு நிறையச் சாப்பிட்டால் கோளாறு, அதுவும் சரி. ஆனால் மிக மோசமான நாட்களுக்கு முந்தின நாளில் ஒன்றுமே இல்லை. கஞ்சி, ரொட்டி, வெறும் சோறு. ஒருசந்தி நாளுக்கு மறுநாள்தான் எல்லாவற்றையும்விட மோசம். சாப்பிடாத நாளுக்கு எப்படி வயிறு இந்தக் கூத்து ஆடும்? பிரமிளா பேனாவைக் கீழே வைத்தாள்.

"அக்கா, வயிறு சரியில்லன்னா வீட்ல என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன், ரசம் குடிப்பேன். எங்க வீட்டுக்காரரு வைப்பாரு. ஒரு முழுப் பூண்டத் தட்டிப் போட்டு, நல்லாக் காரசாரமா. ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டுப் படுத்துருவேன்."

"அத எங்க எழுதியிருக்கீங்க?"

இசபெல்லா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அது மருந்துலா. சாப்பாட்ட மட்டுந்தான எழுதச் சொன்னீங்க?"

பிரமிளாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள், ஏனென்றால் அவள் வீட்டிலும் அதே ரசம்தான். சொல்லப்போனால் பேராக்கில் எந்தத் தமிழ் வீட்டில் அது மருந்தில்லை? தலைவலிக்கு ரசம், சளிக்கு ரசம், வயிற்றுக்கு முதலில் ரசம். ஒருசந்தி நாளில்கூட இசபெல்லா மனசாட்சி உறுத்தாமல் குடித்திருக்கிறாள், மருந்துக்கு ஏது நோன்பு என்று. பூண்டு நல்லதுதான், யாரும் அதன்மேல் பழி போடவில்லை. ஆனால் இந்த மாதிரிக் குடல் உள்ள சிலருக்கு அது செரிக்காமல் உள்ளே போய்ப் புளித்து, காற்றைக் கிளப்பி, முறுக்கி எடுத்துவிடும் என்று பிரமிளா சொன்னாள். வயிறு லேசாகக் கோளாறு செய்தால் ரசம். ரசம் போனால் மறுநாள் பெரிய கோளாறு. பெரிய கோளாறுக்கு இன்னும் இரண்டு கிளாஸ் ரசம். ஆறு வருஷமாக இசபெல்லா இந்த வட்டத்தைத்தான் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பட்டினி கூடாது, காலை ஐந்துக்கே கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். சூசு வேண்டாம், பாலில்லாத தே ஓ போதும். பூண்டும் வெங்காயமும் ஒரு மாதம் நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பூண்டு வாசனை வேண்டுமென்றால் எண்ணெயில் வதக்கிப் பூண்டை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம். கடுப்பு எடுத்தால் டாக்டர் கொடுத்த மாத்திரை. இவ்வளவுதான். கேட்க எளிது. லூர்துசாமியிடம் சொல்லுவதுதான் கடினம்.

அவர் பேச்சு குறைந்த மனிதர். ஹுத்தான் மெலிந்தாங் கடலோரத்தில் வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். கால் போன பிறகு வீட்டு வேலை முழுக்க அவர் கையில் வந்தது. உன்னை நினைத்து எனக்கு வருத்தமாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுக்கு முடியவில்லை என்றால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்துபோய் பூண்டு தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் இசபெல்லாவுக்குப் பாதி வலி போன மாதிரி இருக்கும். அதையல்லவா இப்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

சொன்னாள். அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "அப்ப இத்தன வருசமா நாந்தான் உன்னப் படுத்திட்டேனா இசா?" என்று கேட்டார்.

அவள் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஆசையாத்தான் வச்சிக் குடுத்தீங்க. என் வயித்துக்கு அது ஒத்துக்கல. ரெண்டும் உண்மதாங்க."

அன்று முழுக்க அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் அடுப்படியில் பூண்டு தட்டும் சத்தம் கேட்டது. இசபெல்லா பதறிக்கொண்டு போனாள். அவர் பூண்டை எண்ணெயில் வதக்கி, ஒவ்வொரு பல்லாகக் கரண்டியால் எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். "நீ எண்ணெய எடுத்துக்க, நான் பூண்டத் தின்னுக்குறேன்" என்றார். அந்த எண்ணெயில் தாளித்த ரசத்தை அவள் ஒரு கிளாஸ் குடித்தாள், நோட்டில் முதல் வரியாக எழுதினாள். மறுநாள் வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

வியாதி ஓடிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஓடவில்லை. விடுமுறைக்கு முந்தின இரண்டு வாரத்தில் இரண்டு காலை மோசமாகத்தான் போயிற்று, ஒன்று தேவையில்லாமல் மனம் கலங்கியதால், ஒன்று ஏன் என்றே தெரியாமல். முன்பு வாரத்தில் நாலு நாள் அப்படி இருக்கும். அடக்கி வைத்துக் குடும்பம் நடத்தலாம் என்று டாக்டர் சொன்னது இதைத்தான் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

குருத்து ஞாயிறன்று கோவிலில் அவள் கதவோரம் உட்காரவில்லை. நாலாவது வரிசையில் உட்கார்ந்தாள். சிலுவைப் பாடுகளின் நீளமான வாசகம் முழுக்க நின்றாள். வயிறு இரண்டு முறை உறுமிற்று. அவள் அசையவில்லை. மத்தியானம் குருத்தோலையை வேன் கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு ஷர்மினி வீட்டுக்குப் போனாள்.

பெற்றோர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள், ஆண்களும் பெண்களுமாக. ஷர்மினி தண்ணீர் கொடுத்தாள். இசபெல்லா உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

"டயர் பஞ்சர்னு சொன்னது பொய். மன்னிச்சிருங்க. எனக்குக் குடல்ல ஒரு வியாதி இருக்கு. ஒட்டாது, கேன்சர் இல்ல, மயக்கம் போட்டு விழ மாட்டேன். ஆனா அது கூப்பிட்டா நான் டாய்லெட்டுக்குப் போகணும், அவ்வளவுதான். அன்னிக்கி இந்த வாசல்லயே ஷர்மினிகிட்ட கேட்டிருக்கலாம். வெக்கம். அந்த வெக்கத்துல பிள்ளைங்களத் தனியா விட்டேன். அதுதான் தப்பு. வியாதி தப்பில்ல."

ஒரு அப்பா தரையைப் பார்த்தார். இசபெல்லாவுக்குக் காது சூடாகிவிட்டது, இருந்தாலும் நிறுத்தவில்லை. பாதையில் நான்கு வீடுகளைப் பெயர் சொல்லிக் காட்டினாள். முடியாத நாளில் இந்த நான்கில் ஒரு வீட்டில் நிறுத்தி ஹார்ன் அடிப்பேன், வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து வேன் பக்கத்தில் நிற்க வேண்டும், ஐந்து நிமிஷம். பெரியவர் வராமல் நான் இறங்கமாட்டேன். இனிமேல் ஆறேகாலுக்கு அல்ல, ஆறு மணிக்கே கிளம்புவேன், அந்த நேரம் கையில் இருக்கும். சம்மதம் என்றால் நாளைக்குப் பிள்ளையை வாசலில் நிறுத்துங்கள். இல்லையென்றால் டவுன்காரரைக் கூப்பிடுங்கள், எனக்குக் கோபமில்லை. சொல்லிவிட்டு வணக்கம் வைத்து வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. வாட்ஸ்அப்பிலும் ஒரு வார்த்தை வரவில்லை.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டாள், தே ஓ குடித்தாள், நோட்டில் எழுதினாள். ஆறு மணிக்கு வேனை எடுத்தாள். முதல் வீட்டு வாசலில் யாரும் இல்லை. ஹார்ன் அடிக்கக் கை போகவில்லை. அப்போது கதவு திறந்து பிள்ளை ஓடிவந்தது, சட்டையை நுழைத்துக்கொண்டே. பின்னால் அதன் அம்மா ஒரு பிளாஸ்க்கோடு வந்தாள்.

"அக்கா, வயித்துக்கு நல்லது. பூண்டு ரசம். சூடா இருக்கு, வழியில குடிங்க."

இரண்டாவது வீட்டிலும் பிள்ளை நின்றது, கையில் ஒரு மைலோ டின், உள்ளே ரசம். நாலாவது வீட்டில் ஒரு பெரிய பாட்டில். ஏழாவது வீட்டில், கூட்டத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அப்பா தானே வந்து தூக்குச்சட்டியைக் கொடுத்தார், கொடுத்துவிட்டு, அக்கா, உங்களப் பார்த்த அந்தக் குடல் டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று காதோடு கேட்டார். இரண்டு வாசலில் மட்டும் பிள்ளை இல்லை. டவுன்காரர் வேன் எதிரில் வந்தது, அந்த இரண்டு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இசபெல்லா கையை ஆட்டினாள். மனம் வலித்தது. மீதிப் பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டினாள்.

வேன் முழுக்கப் பூண்டு வாசனை. பழைய இசபெல்லாவாக இருந்தால் கொடுத்தவர் மனம் நோகுமே என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு வாய் குடித்திருப்பாள், பெட்ரோல் ஸ்டேஷன் வருவதற்குள் உயிரை விட்டிருப்பாள். இன்றைக்கு ஒவ்வொருவரையும் கும்பிட்டுச் சொன்னாள், ரொம்ப சந்தோஷம், ஆனா பூண்டு எனக்கு ஒத்துக்காது, எங்க வீட்டுக்காரரு குடிப்பாரு என்று. ஒருத்திக்கு முகம் சுருங்கிற்று. சுருங்கட்டும், நாளைக்கு விரியும்.

செம்பனை முடிந்து தாமான் வந்தது. கடைசி வீடு. ஷர்மினி வேலைக்குப் போகிற உடையில், ஈரத்தலையோடு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் பிளாஸ்க்கும் இல்லை, பாட்டிலும் இல்லை. மகளை ஏற்றி, கதவை இழுத்துச் சாத்தினாள். இசபெல்லா பக்கம் வந்தாள்.

"நான் ரசமெல்லாம் வைக்கல அக்கா," என்றாள். "வாசக் கதவு ஆறு மணியிலேருந்து தொறந்திருக்கும். உள்ள போனா வலது கைப் பக்கம். நான் வேன்கிட்ட நிக்கிறேன். இப்ப போகணுமா?"

இசபெல்லா வயிற்றைக் கேட்டுப் பார்த்தாள். அது பேசாமல் இருந்தது.

"இப்ப வேணாம்மா," என்றாள். "நாளைக்கிக் கேப்பேன்."

கியரைப் போட்டாள். ஏழு மணி ஆகவில்லை, கேட் சாத்த இன்னும் நேரம் இருந்தது.